குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து, பிறகு தாய்மார்களுக்கான மனநல ஆலோசகராக ஆனவள் நான். இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கொரோனா காலத்துக் கர்ப்பிணிகளுடையவை, புதுத் தாய்மார்களுடையவை. நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். ஆஸ்பத்திரி என்றாலே நெஞ்சு படபடக்கிறது. தொற்றுக்குப் பயந்து போன மாத செக்கப்புக்குப் போகவில்லை. நடுராத்திரி போனை எடுத்தால் இரண்டு மணி வரை செய்திதான். இந்தப் பதற்றம் குழந்தையைப் பாதிக்குமா?

பதில்: முதலில் செக்கப். இன்றே போன் செய்து நேரம் வாங்குங்கள். இந்த மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் பல சமயம் உடம்புக்கே தெரியாது. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் எதைப் போனிலேயே முடித்துக்கொள்ளலாம், எதற்கு நேரில் வர வேண்டும் என்று டாக்டரிடமே கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரம் எது, கூப்பிடும்வரை வெளியே காத்திருக்கலாமா என்றும் கேளுங்கள். தயங்காதீர்கள், இதெல்லாம் தினமும் கேட்கிற கேள்விதான்.

உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளுக்குக் கொரோனா வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட அதிகம். குறைமாதப் பிரசவமும் ஆகலாம். அதனால்தான் தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் பேசச் சொல்கிறேன். தாயின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பு சக்தி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது.

சில நாள் அழுததாலோ பதறியதாலோ குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. பதறுகிறோமே, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று அதற்கு வேறு தனியாகப் பதறாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், அது சிகிச்சை பார்க்க வேண்டிய விஷயம்.

அப்புறம் போன். உங்கள் மாதத்தில் ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தே ஆக வேண்டும். திரும்பி வந்து படுக்கும்போது கை தானாகத் தலையணைப் பக்கம் போனைத் தேடும். தூக்கம் கெடுவது அந்த இடத்தில்தான். சார்ஜரைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிடுங்கள். செய்தியைப் பகலில் ஒரு நேரம் பார்த்தால் போதும். ராத்திரியில் தோன்றும் சந்தேகங்களை ஒரு நோட்டில் கிறுக்கி வைத்து, டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

ஒன்று மட்டும் நோட்டில் எழுதிக் காத்திருக்கிற விஷயம் இல்லை. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், எந்தக் கொரோனா இருந்தாலும், விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

கேள்வி: பிரசவமாகி ஐந்து வாரம். தொற்று பயத்தில் யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை. அம்மாவாலும் வர முடியவில்லை. கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்துவிட்டது. மாடிப்படி இறங்கும்போது குழந்தையைக் கீழே போடுவதுபோல ஒரு காட்சி வந்து போகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் கெட்ட அம்மாவா?

பதில்: இல்லவே இல்லை. என்னிடம் வரும் தாய்மார்கள் இதைச் சொல்வதற்கு முன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவார்கள். புதுத் தாய்மாருக்கு இப்படிக் காட்சிகள் வருவது மிகவும் சகஜம். வந்ததும் நீங்கள் நடுங்கி, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் அல்லவா, அந்த நடுக்கமே உங்களுக்கு அதில் விருப்பமில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால், அப்படிச் செய்வதுதான் சரி என்று ஒருவருக்குத் தோன்றினால், செய்யச் சொல்லிக் குரல் கேட்டால், நாள்கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்தால், அது வேறு. 1,000 பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு அப்படி வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தொடங்கிவிடும். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய அவசரம் அது.

பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் வரும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. அதனால் ஒன்று கேட்கிறேன்: குழந்தை தூங்குகிறது, பக்கத்தில் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், அப்போது படுத்தால் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? வரவில்லை என்றால் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க, 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு. அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். பேச்சு சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு.

கை கழுவ சோப்பும் 20 விநாடியும் போதும். குழந்தையைத் தொடும் முன், துணி மாற்றிய பின், வெளியிலிருந்து வந்த பின் கழுவுங்கள். அதற்கு மேல் கழுவுவது கிருமிக்காக இல்லை, மனசுக்காக. இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரே ஒருவரை உள்ளே விடுங்கள். காய்ச்சல், இருமல் இல்லாதவர், தடுப்பூசி போட்டவர், மாஸ்க் போடச் சம்மதிப்பவர். கொஞ்ச நேரம் அவர் குழந்தையை வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் தூங்குங்கள். அம்மாவுடன் வீடியோ கால் போட்டால் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றில்லை. போனைச் சாய்த்து வைத்துவிட்டு அங்கே அவர் துணி மடிக்கட்டும், இங்கே நீங்கள் பால் கொடுங்கள்.

கேள்வி: எனக்குப் பாசிட்டிவ். பால் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். 2020-இலிருந்தே உலக சுகாதார நிறுவனம் இதைத்தான் சொல்கிறது. மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுங்கள். முடியாத அளவுக்கு அசதி என்றால் பாலை எடுத்து வேறொருவர் புகட்டட்டும்.

கேள்வி: மனைவி பிரசவித்து இரண்டு மாதம். நோய் பயம் வேறு. என்ன சொன்னாலும் அழுகிறாள். எப்படித் தைரியம் சொல்வது?

பதில்: தைரியம் சொல்ல வேண்டாம் தம்பி. அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்திருக்கும். ராத்திரியில் ஒரு பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாலு மணி நேரம் தொடர்ந்து தூக்கம் கிடைக்க வேண்டும். பால் குடிக்க மட்டும் குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் உங்கள் வேலை. ஒரு வாரம் இப்படிச் செய்தும் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும். அதனால் அங்கே போகும்போது உங்கள் தூக்கத்தையும் பற்றிச் சொல்லிவிட்டு வாருங்கள்.