பதினோராவது நாளில் என்ன ஆகிறது?

கேள்வி: ஒவ்வொரு புது வருஷமும் ஒரு பட்டியல் எழுதுகிறேன். எடை குறைக்க வேண்டும், நிறையப் படிக்க வேண்டும், பணம் சேர்க்க வேண்டும், புதிதாக ஒரு மொழி கற்க வேண்டும். பத்து நாள் ஜோராக ஓடும். பதினோராவது நாள் ஏதாவது குறுக்கே வந்து ஒன்று விட்டுப்போகும், அதோடு எல்லாமே நின்றுவிடும். ‘வெறும் ஆரம்ப சூரத்தனம்’ என்கிறார்கள் வீட்டில். எனக்கு மன உறுதியே கிடையாதா?

பதில்: உங்கள் பட்டியலை இரண்டு மூன்று முறை படித்தேன். நான்கு வரியும் ‘வேண்டும்’ என்று முடிகிறது, ஆனால் நாளைக் காலை எழுந்ததும் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது எந்த வரியிலும் இல்லை. ‘நிறையப் படிக்க வேண்டும்’ என்றால் எவ்வளவு? ஒரு நாள் ஐந்து பக்கமே போதும் என்று தோன்றும், இன்னொரு நாள் ஐம்பது பக்கம் படித்தும் திருப்தி வராது. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் இந்த விஷயத்தைத்தான் ஆராய்ந்தார்கள். ‘உன்னால் முடிந்ததைச் செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, ‘இவ்வளவு’ என்று அளவு குறித்த, கொஞ்சம் சிரமமான இலக்கு தரப்பட்டவர்கள் அதிகம் செய்து முடித்தார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எனவே மன உறுதியைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் அந்த வரிகளை மாற்றுங்கள்.

அளவு மட்டும் போதாது, அதற்கு ஒரு நேரமும் இடமும் வேண்டும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் சொல்லும் வழி ரொம்ப எளிமையானது: ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கட்டுரையில், வெறுமனே ஆசைப்படுவதைவிட இப்படி முடிவு செய்து வைப்பது நன்றாகவே பலன் தருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். உங்கள் வரியை அந்த மாதிரி எழுதினால், ‘இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பத்துப் பக்கம் படிப்பேன்’ என்று வரும். தட்டைக் கழுவுவது எப்படியும் நடக்கும், அது நடந்ததும் அடுத்தது ஞாபகம் வரும், ‘இப்போது படிக்கலாமா வேண்டாமா’ என்று யோசிக்க வேண்டிய வேலையே இருக்காது.

நான் நாற்பது தாண்டித்தான் நீச்சல் கற்றுக்கொண்டேன். 25 மீட்டர் குளத்தை நடுவில் நிற்காமல் ஒரு தடவை கடப்பது, அவ்வளவுதான் இலக்கு. துண்டு, நீச்சல் உடை, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முதல் நாள் இரவே வாசல் செருப்பின் மேல் வைத்துவிடுவேன், பையை எடுக்காமல் செருப்புப் போட முடியாது. ஒரு சின்ன நோட்டில் போன நாளுக்கு ஒரு கோடு, போகாத நாளுக்கு ஒரு புள்ளி. சளி பிடித்து ஒன்பது நாள் தொடர்ந்து புள்ளியாக வைத்தேன், பத்தாவது நாள் மறுபடி கோடு. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் எனக்குப் பிடித்த இடம் அந்தப் பத்தாவது நாள்தான்.

உங்கள் பதினோராவது நாளும் இப்படிப்பட்ட ஒரு புள்ளிதான். லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். தினம் ஒரு சின்னக் காரியத்தைச் செய்துவந்தால் எத்தனை நாளில் அது தானாக நடக்கும் பழக்கமாகிறது என்று பார்த்தார்கள். 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்களே, அங்கே வந்த கணக்கு நடுத்தரமாக 66 நாள், ஆளையும் காரியத்தையும் பொறுத்து 18இலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நீங்கள் பத்து நாள் நடந்துவிட்டு, ஒரு நாள் தவறியதை முழுத் தோல்வியாகக் கணக்கெழுதி நோட்டை மூடிவிடுகிறீர்கள். அதை மூடாதீர்கள், நான் சொல்ல வந்ததே இதுதான். அப்புறம் இன்னொன்று, நான்கையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். இப்போதைக்கு ஒன்று மட்டும், அது கைக்கு வந்த பிறகு அடுத்தது.

கேள்வி: எதற்குக் கெடு வைத்தாலும் தாண்டிவிடுகிறது. ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தால் இரண்டு மாதம் ஆகிறது. சோம்பேறித்தனமா?

பதில்: அப்படிச் சொன்னால் உலகத்தில் பாதிப் பேரை அதில் சேர்க்க வேண்டியிருக்கும். 1994இல் வெளியான ஒரு ஆய்வில், கல்லூரி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள், ஆனது சுமார் 55 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்குகூட 49 நாளைத் தாண்டவில்லை! நாம் எல்லோரும் காரியம் தடையில்லாமல் ஓடுகிற நாளை மனதில் வைத்தே கெடு போடுகிறோம், காய்ச்சலும் விருந்தாளியும் அந்தக் கணக்கில் வருவதில்லை. இதே மாதிரி வேலை போன தடவை நிஜமாக எத்தனை நாள் பிடித்தது என்று தேடிப் பார்த்து அந்த எண்ணையே வையுங்கள், மனது ‘இந்தத் தடவை சீக்கிரம் முடியும்’ என்று சொன்னாலும் குறைக்காதீர்கள்.

கேள்வி: இலக்கை நாலு பேரிடம் சொல்லலாமா, ரகசியமாக வைக்கலாமா?

பதில்: ‘செய்யப் போகிறேன்’ என்று நாலு பேரிடம் சொல்வதைவிட, ‘இந்த வாரம் இவ்வளவு செய்தேன்’ என்று ஒருவரிடம் சொல்லுங்கள். முன்னேற்றத்தைக் கவனித்துவருவது இலக்கை அடைய உதவுகிறது, அதை எழுதி வைத்தாலோ பிறருக்குத் தெரியப்படுத்தினாலோ பலன் கூடுகிறது என்று 138 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சொல்கிறது. கேட்கிறவர் திட்டாதவராக இருந்தால் நல்லது.

கேள்வி: மாரத்தான் ஓட வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் பயிற்சி செய்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மருத்துவர் நீண்ட தூரம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விட்டுவிட்டால் தோற்றுப்போனவள் ஆகிவிடுவேனோ என்று தூக்கமே வருவதில்லை.

பதில்: உங்கள் கடிதம் படித்தபோது மனது கஷ்டமாக இருந்தது. இரண்டு வருஷம் உழைத்த ஒன்றை இறக்கி வைப்பது லேசான விஷயமில்லை, வருத்தப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் 42.195 கிலோமீட்டர் என்பது யாரோ வகுத்த தூரம். உங்களுக்கு அதில் எது பிடித்தது? விடிவதற்கு முன்னால் தனியாக வெளியே போவதா, உடம்பு லேசாவதா, ஒன்றாக ஓடியவர்களின் பேச்சா? சரி, அதைக் கண்டுபிடித்த பிறகு, முழங்காலுக்குப் பாரம் தராத எதில் அதே விஷயம் கிடைக்கும் என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள், நீச்சலோ மெதுவான நடையோ அவர் சொல்லட்டும். புதிய இலக்கை ஒரே வரியில், எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு என்று எழுதுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், மூன்று மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று நானே கேட்கிறேன்.