கத்திரி வெயிலில் வீதி உலா: வாசகர் கேள்வி – பதில்

மன்னார்குடி வாசகி: மே மாதம் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். ஹார்ன் சத்தம் இல்லாமல், கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக டெல்டா ஊர்களில் தெரு ஏதாவது உண்டா?

பதில்: நாள் முழுக்க வண்டி நுழையாத கடைத்தெரு வேண்டுமென்றால் நமக்குக் கோயில்தான் கதி. கும்பகோணம் ஆதிகும்பேஸ்வரர் கோயிலுக்குக் கிழக்குப் பக்கமாகப் போங்கள். கோபுரத்தைத் தொடும் முன்பே நீளமான தூண் மண்டபம் வரும். மேலே கல் கூரை, இரண்டு பக்கமும் வளையல், குங்குமம், பித்தளை விளக்கு, பிள்ளைகளுக்குச் சொப்புச் சாமான். வெயிலும் இல்லை, வண்டியும் இல்லை. அங்கிருந்து பொற்றாமரைக் குளம் வழியாகச் சாரங்கபாணி கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். இடையில் சாலை குறுக்கிடும் இடத்தில் மட்டும் பிள்ளையின் கையை விடாதீர்கள். காலை 7 மணிக்குத் தொடங்கினால் 9-க்குள் முடியும். பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மறுபடி 4 மணிதான்.

மகாமகக் குளத்தைப் பலரும் சொல்வார்கள். 16 மண்டபங்களும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் சுற்றுச்சாலையில் வண்டி ஓய்வதில்லை. ஸ்ரீரங்கத்திலும் அப்படியே: ஏழு திருச்சுற்றுகளில் சித்திரை வீதி, உத்திர வீதி போன்ற வெளிச்சுற்றுகள் வீடும் வண்டியுமாக இருப்பவை. ரெங்கா கோபுரம் தாண்டினால்தான் நிம்மதியான நடை.

தஞ்சாவூர் வாசகர்: பெரிய கோயிலில் போன வருடம் மதியம் நடந்து என் அம்மாவுக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. இந்த முறை என்ன செய்யலாம்?

பதில்: நேரத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கருங்கல் மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும். உச்சி 12 மணிக்கு இருப்பதைவிட 2-லிருந்து 4-க்குள்தான் தளம் அதிகம் சுடும். 4 மணிக்கு நடை திறந்ததும் ஓடுபவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். 6 மணிக்குப் பிறகு போங்கள், இல்லையென்றால் காலை 8-க்குள்.

சந்தேகம் வந்தால் புறங்கையைக் கல்லில் வைத்து ஏழு எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் கை தானாக எழுந்தால் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். தேங்காய்நார் விரிப்பு போட்டிருந்தால் அதன் நடுவிலேயே நடங்கள். பருத்திக் காலுறை இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம், நைலான் ஆகாது. காலை நனைத்துக்கொண்டு நடக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்: ஈரத் தோலில் சூடு சீக்கிரம் இறங்கும், ஊறிய தோல் எளிதில் பிய்யும்.

இன்னொரு வழி, திருச்சுற்று மாளிகை. மதிலை ஒட்டிச் சுற்றிலும் ஓடும் தூண் நடை அது. கூரை உண்டு, சுவர் ஓவியமும் வரிசையாக லிங்கங்களும் உண்டு. திறந்த முற்றத்தை ஓரிடத்தில் கடந்து, மீதி நேரத்தை அங்கே கழிக்கலாம். (விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி யாராவது சொன்னால் மாலை 5 மணிக்குக் கிழக்கு முற்றத்தைக் காட்டுங்கள். 216 அடி விமானத்தின் நிழல் அங்கே நீளமாகக் கிடக்கும்.)

கொப்பளித்தால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் சுடுவதே உறைக்காமல் போகலாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள், புண் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிதம்பரம் வாசகர்: நாலு தேர் வீதியும் சுற்றி நடப்பது வழக்கம். எந்த வீதியில் எந்தப் பக்கம் நிழல் என்று கணக்கு உண்டா?

பதில்: உண்டு, அதுவும் பலர் நினைப்பதற்கு நேர்மாறான கணக்கு. சித்திரை முதல் வாரத்தில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அதற்குப் பிறகு ஆவணி முதல் வாரம் வரை உச்சிப்பொழுதில் அது நமக்கு வடக்கே நிற்கும், உதிப்பதும் மறைவதும்கூட வடக்கே தள்ளித்தான். ஆகவே கத்திரியில் நிழல் தெற்கு நோக்கி விழும்.

கிழக்கு மேற்காக ஓடும் வடக்கு வீதியிலும் தெற்கு வீதியிலும், காலையோ மாலையோ, வடசிறகை, அதாவது வடக்குப் பக்க வீட்டு வரிசையை, ஒட்டி நடங்கள். 20 அடி உயரச் சுவர் என்றால் காலை 8 மணிக்குப் பத்தடி அகல நிழல் கிடைக்கும். உச்சியில் (நமக்கு அது சுமார் 12.10) மே கடைசியில்கூட மூன்றடிதான் மிஞ்சும், ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு போகலாம். தெற்கு வடக்காக ஓடும் கீழ வீதியிலும் மேல வீதியிலும் காலையில் கீழ்ச்சிறகு (கிழக்குப் பக்கம்), மாலையில் மேல்சிறகு (மேற்குப் பக்கம்). திண்ணையும் தாழ்வாரமும் இருந்த காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை.

நாகப்பட்டினம் வாசகி: திருவாரூர் ஆழித்தேர் அன்று வீதியில் வண்டி இருக்காது என்று குழந்தைகளோடு கிளம்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 96 அடித் தேர், சுமார் 300 டன். நின்ற பிறகும் ஓர் அசைவு இருக்கும். வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, முட்டுக்கட்டை போடுபவர்கள் பக்கம் நெருங்கவே வேண்டாம். வீதி முனைகளில் உள்வளைவில் நிற்காதீர்கள்; தேர் திரும்பும்போது வடம் கூட்டத்தையும் சேர்த்து அந்தப் பக்கம் வாரிக்கொண்டு வரும். பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், செல்போனை வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மின்விசிறியை நம்பிப் பயனில்லை.

மதியத்தில் தார் இளகும். வெறுங்காலில் ஒட்டினால் பிய்க்காமல் முதலில் தண்ணீர் விட்டு ஆற்றி, பிறகு தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள். களைப்புக்கு நீர்மோர் போதும். அதிகம் வியர்த்துத் தலை சுற்றினால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தட்டையான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது களைப்பு இல்லை. உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள்.

காரைக்கால் வாசகர்: புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எப்போது வண்டி இருக்காது?

பதில்: மாலை 6-லிருந்து மறுநாள் காலை 7.30 வரை. மாலையில் கூட்டம் அதிகம். மே மாதம் 5.45 வாக்கில் சூரியன் கடலிலிருந்து எழுந்துவிடும், 5.15-க்கே போய்விடுங்கள். வண்டியைக் குறுக்குத் தெருவில் நிறுத்தினால் 7 மணிக்கு வெயில் முகத்தில் அறையும் முன் கிளம்பிவிடலாம்.