சித்தப்பா விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்

கேள்வி: என் 19 வயது மகனுக்குக் காலில் எலும்பு முறிவு. அடுத்த வாரம் பிளேட் வைக்கிறார்கள். "குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்னை வந்ததா?" என்று மயக்க டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது: என் அப்பாவின் தம்பி, குடல்வால் ஆபரேஷனின்போது ஜன்னி கண்டு போய்விட்டாராம். தேடிப் பார்த்தால் 'கால்சியம் கோளாறு' என்று வருகிறது. மகனுக்குப் பாலை நிறுத்திவிடவா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பாலை நிறுத்தாதீர்கள் அம்மா, எலும்பு கூடுவதற்கு அது வேண்டும். நாளைக் காலையிலேயே போய் சித்தப்பா விஷயத்தை அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். 'ஜன்னி' என்ற சொல்லே எங்களுக்குப் போதும்.

நான் சந்தேகப்படுவது 'மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா', அதாவது சில மயக்க மருந்துகளால் உடம்பு கொதிக்கும் பரம்பரைக் கோளாறு. இது பாலில் வரும் கால்சியத்தின் கணக்கு இல்லை. தசை செல்லுக்குள் வலை மாதிரி ஒரு மெல்லிய பை உண்டு. சுற்றியுள்ள செல் திரவத்தைப்போல் சுமார் 10,000 மடங்கு அடர்த்தியில் கால்சியம் அதில் அடைபட்டிருக்கும். விரலை மடக்க நினைத்ததும் பையின் கதவு திறந்து கால்சியம் கொட்டும்; தசை சுருங்கும். உடனே பம்புகள் அதைத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். சில குடும்பங்களில் ரயனோடின் ஏற்பி எனும் அந்தக் கதவில் பிறவிக் குறை இருக்கும். ஓடியாடும் பிள்ளையிடம் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஹாலோத்தேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவோ, சக்சினைல்கோலின் ஊசியோ போனால் கதவு திறந்தபடியே நின்றுவிடலாம். தசை விறைக்கும், பம்புகள் ஓயாமல் ஓடும், உடம்பு உலையாகக் கொதிக்கும்.

பயிற்சிக் காலத்தில் ஆபரேஷனுக்கு வந்த ஒரு பையனிடம் இதை ஒருமுறை கண்ணால் கண்டேன். காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே மூச்சில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் சோடாலைம் டப்பாவைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. பையனின் தாடை பூட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் கட்டிகளை அடுக்கினோம். மாற்று மருந்து கைவசம் இல்லை. அவன் பிழைக்கவில்லை. "இவன் மாமாவும் இப்படித்தான் போனான்" என்று அவன் அம்மா பிறகுதான் சொன்னார்.

1960இல் மெல்போர்னில் டென்பரோ என்ற மருத்துவர் இந்த நோயை அடையாளம் கண்டதும் இப்படி ஒரு பேச்சிலிருந்துதான். கால் முறிந்து வந்த 21 வயது இளைஞன், காலைவிட மயக்க மருந்துக்கே அதிகம் பயந்தான். அவன் உறவில் 10 பேர் மயக்கத்தில் இறந்திருந்தார்கள்.

அன்று எங்களிடம் இல்லாத மருந்து டான்ட்ரோலின். அந்தக் கதவிலேயே போய் உட்கார்ந்து கால்சியம் கசிவதை அடக்கும். 20 மில்லிகிராம் குப்பி. உள்ளே இருக்கும் ஆரஞ்சுத் தூளில் 60 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு முதல் தவணைக்கே 8 குப்பி. இது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியிருக்காது. முதுகில் ஊசி போட்டுக் காலை மரக்கச் செய்யலாம். முழு மயக்கம்தான் வேண்டுமென்றால் புரோபோஃபால் இருக்கிறது. அது இந்தக் கதவைத் தொடாது. முன்பு ஒருமுறை மயக்கம் கொடுத்து ஒன்றும் ஆகவில்லை என்றாலும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த தடவையில் வரலாம்.

இந்தக் குறை பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இன்றைக்கே ஒரு போன் போட்டுவிடுங்கள்.