மூணாற்றிலிருந்து பனிச்சறுக்குப் பழகப் போக எது ஏற்றது: குல்மார்க், ஔலி, சோலாங்?

முதன்முறை என்றால் காஷ்மீரின் குல்மார்க்தான். அந்த ஊர் இருப்பது ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில். நம் ஆனைமுடிச் சிகரத்தைவிட (2,695 மீட்டர்) சற்றுத் தாழ்வு என்றால் நம்புவீர்களா? ஆனால் நாம் 10 பாகை அட்சரேகையில் இருக்கிறோம், அவர்கள் 34இல். அதனால்தான் தை மாதத்தில் நமக்குப் புல்நுனியில் மட்டும் உறைபனி.

அங்கே கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதலாவது கொங்தூரி வரை. இரண்டாவது அபர்வத் மலையில், 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். அங்கிருந்து சறுக்கி இறங்குவது தேர்ந்தவர்கள் வேலை: சீர்செய்யாத பனி, பனிச்சரிவு அபாயம். காற்று பலமானால் கேபிள் காரையே நிறுத்திவிடுவார்கள். புதியவர்கள் அடிவாரப் புல்வெளிச் சரிவைத் தாண்டவே வேண்டாம்.

உத்தராகண்டில் உள்ள ஔலியின் சரிவுகள் சீரானவை. எதிரே நந்தாதேவி தெரியும். ஆனால் 2023 ஜனவரியில் அடிவார ஊரான ஜோஷிமட்டில் நிலம் வேகமாகப் புதைந்ததும், அங்கிருந்து ஔலிக்கு ஏறும் ரோப் காரை நிறுத்தினார்கள். பனியும் சில ஆண்டுகளில் கைவிட்டுவிடும்.

சோலாங், மணாலிக்குப் பக்கம். கூட்டம் அதிகம், சரிவு குறுகியது. ஒருநாள் வேடிக்கைக்குச் சரி.

பிப்ரவரியில் போங்கள். மூணாற்றுக் குளிருக்கு வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் மட்டும் போதாது, நாலு முறை விழுந்தால் நனைந்து கனத்துவிடும். நீர் புகாத மேலுடுப்பு அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பேரம் பேசாமல் எடுக்காதீர்கள்.