மகனின் முழங்காலில் மஞ்சள் முடிச்சுகள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. முழங்கால், முழங்கை, விரல் இடுக்கில் மஞ்சளாக, வலியில்லாத முடிச்சுகள். மரு என்று ஒரு கிளினிக்கில் சுட்டு எடுத்தார்கள், மறுபடி வந்துவிட்டன. கணவர் என் தாய்மாமன் மகன். அம்மா 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். மாமாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது. எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினால் சரியாகுமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: அம்மாவையும் மாமாவையும் பற்றி எழுதினீர்களே, அந்த இரண்டு வரிதான் என்னைப் பதற வைத்தது. நாளைக்கே மகனுக்கு லிப்பிட் ப்ரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புச் சோதனை எடுத்துவிடுங்கள் அம்மா. இவை சாந்தோமா எனப்படும் கொழுப்புப் படிவுகளாக இருக்கலாம்.

எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்க, கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதாக வந்தால் எல்டிஎல் பெரும்பாலும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 190 மில்லிகிராமைத் தாண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால் 400, 500 என்று ஏறி, சிறுவயதிலேயே தோலில் முடிச்சு தெரியும், பதின்வயதிலேயே இதயம் பாதிக்கப்படலாம். அம்மாவும் மாமாவும் உடன்பிறந்தவர்கள். அவர்களிடமிருந்து ஒரே பழுது உங்களுக்கும் கணவருக்கும் வந்திருக்கக்கூடும். சொந்தத்தில் கட்டியதைக் குறை சொல்லவில்லை. யாரையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பலகாரத்தைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் இந்த அளவை உணவு மட்டும் இறக்காது. ஸ்டாட்டின், எசெட்டிமைப் மாத்திரைகள் வேண்டும். சில பிள்ளைகளுக்கு ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வடிகட்டும் சிகிச்சையும் தேவைப்படும். குழந்தைகள் இதயநோய் மருத்துவரிடம் காட்டி எக்கோ எடுங்கள். மகாதமனி வால்வும் பாதிக்கப்படுவதுண்டு. இனி முடிச்சுகளைச் சுடவோ வெட்டவோ விடாதீர்கள். கொழுப்பு இறங்கினால் அவையே மெல்ல வற்றும். ஒரு பிள்ளைக்கு மஞ்சள் முடிச்சைப் பார்த்தும் ரத்தம் பார்க்காமல் சுட்டு அனுப்புவது, தோல் மருத்துவராக எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

நீங்கள், கணவர், மற்ற பிள்ளைகள், இரு பக்கத்து உடன்பிறந்தவர்கள் எல்லோரும் கொழுப்பைப் பாருங்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் தடித்திருக்கிறதா, 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இமையில் மஞ்சள் திட்டு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அப்படி இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கொழுப்பு சரியாகவே இருக்கும். உடம்பில் எந்த அடையாளமும் இல்லை என்று உங்கள் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த குழந்தைக்கு யோசித்தால், உங்களுக்கு மாத்திரை தொடங்கும்முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.