பூனையை மனிதன்தான் பிடித்துப் பழக்கினானா?

நாயைப் போலப் பூனையையும் மனிதர் பிடித்துப் பழக்கினார்களா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை, பூனை தானாகவே வந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா வீட்டில் அறுவடை முடிந்து நெல்மூட்டை அடுக்கினால் எலி வரும். எலிக்குப் பின்னால், யாரும் கூப்பிடாமலே, ஒரு பூனை வரும். ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் உழவு தொடங்கியபோதும் இதே கதைதான். தானியத்துக்கு எலி, எலிக்கு ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. இன்றைய வீட்டுப்பூனைகள் எல்லாம் அந்த இனத்தின் வழிவந்தவை. சங்கப் பாடல்களில் வரும் வெருகு, நம் பற்றைகளில் திரியும் காட்டுப்பூனை ஆகியவை இவற்றின் மூதாதை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த சான்று சைப்பிரஸ் தீவில் இருக்கிறது. அங்கே சுமார் 9,500 ஆண்டுப் பழமையான மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே, அரை மீற்றர் தூரம்கூட இல்லை, எட்டு மாதப் பூனை ஒன்றையும் புதைத்திருக்கிறார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனமே கிடையாது. அப்படியென்றால் யாரோ அதைத் தோணியில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுபோயிருக்கவேண்டும். எலி பிடிக்க மட்டும் வைத்திருந்த பிராணியை இவ்வளவு பக்கத்தில் புதைப்பார்களா?

எகிப்தியர் பூனையைப் போற்றியதெல்லாம் இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிந்தியது. அப்புறம் பூனை கப்பல்களில் எலி பிடிக்கவென்று ஏறி, துறைமுகம் துறைமுகமாக உலகமெங்கும் பரவியது.