கிளேஸ் பூசுவதற்கு முன் மண்கலத்தை ஒரு முறை ஏன் சுட வேண்டும்?

பச்சைக் கலத்தின் (இன்னும் சுடாத மண்கலத்தின்) மேலேயே கிளேஸை, அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சை, பூசி ஒரே சூளையில் சுட்டுவிட்டால் எரிபொருள் மிச்சமாகுமே, பிறகு எதற்கு இரண்டு சூளை என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே சூளையில் முடிக்க முடியும். சீனாவின் ஜிங்டேஜென் நகரத்தில் நீல ஓவியப் பீங்கான்களை நூற்றாண்டுகளாக அப்படித்தான் செய்தார்கள். காய்ந்த பச்சைக் கலத்தில் ஓவியம் தீட்டி, அதன் மேல் பூச்சிட்டு, ஒரே தீயில் சுட்டெடுத்தார்கள். ஆனால் பச்சை மண்ணை நீர்த்த பூச்சில் முக்கும்போது அது ஊறித் தளராமல், கைப்பிடி கழன்றுவிடாமல் எடுப்பதற்குப் பல தலைமுறைக் கைப்பழக்கம் தேவை. அந்தப் பழக்கம் இல்லாத என்னைப் போன்றவர்கள் பூச்சில்லாத முதற்சூளையை, அதாவது பிஸ்க்கை, நம்பியே வேலை செய்கிறோம்.

முதற்சூளை என்பது பெரும்பாலும் மண்ணிலிருந்து சிலவற்றை வெளியேற்றுகிற வேலை. நன்கு காய்ந்ததாகத் தோன்றும் கலத்திலும் ஈரம் தங்கியிருக்கும் (கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை). அந்த ஈரம் வெளியேற அவகாசம் தராமல் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், உள்ளேயே ஆவியாகிக் கலத்தை வெடிக்கச் செய்துவிடும். அதற்கு மேல், ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள், மண்ணின் படிகத்தோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீர் பிரிகிறது. கயோலின் என்னும் வெள்ளைக் களிமண் ஒரு கிலோ தூயதாக இருந்தால், அதில் இது சுமார் 140 கிராம் இருக்கும். அந்தக் கட்டத்துக்கு முன்வரை கலத்தைத் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் பிசைந்துவிடலாம், அதைத் தாண்டிய பின் எத்தனை நாள் ஊறினாலும் அது களிமண்ணாகத் திரும்பாது. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சட்டென்று விரிவதால், ஏற்றும்போதும் இறக்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும்.

அடுத்த கட்டத்தைத்தான் நான் பல மாதங்கள் அலட்சியம் செய்தேன். 700 முதல் 900 டிகிரி வரை மண்ணில் கலந்துள்ள கரிமப் பொருள்களும் கந்தகமும் எரிந்து வெளியேறுகின்றன, அதற்குக் காற்றும் நேரமும் வேண்டும். நானோ நீர் போய்விட்டதே என்று சூளைவாயை அடைத்துவிட்டு வேகமாக ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சூளையைப் பிரித்தபோதெல்லாம் பூச்சு முழுவதும் ஊசிமுனைத் துளைகளாக இருந்தன. பூச்சின் மேல் பழிபோட்டு அதன் கலவையை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் உடைந்த கிண்ணத்தின் குறுக்கு வெட்டில் நடுவே கறுப்புக் கோட்டைக் கண்ட பிறகுதான், எரியாமல் மிஞ்சிய கரி இரண்டாம் சூட்டில் வாயுவாகி, உருகிய பூச்சைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்பது புரிந்தது. இப்போது அந்த 200 டிகிரியைக் கடக்க மூன்று மணி நேரம் கொடுக்கிறேன், துளைகள் அநேகமாக வருவதில்லை.

எவ்வளவு சூடு என்பது மண்ணைப் பொறுத்தது. ஸ்டோன்வேர் என்னும் கல்போல் இறுகும் மண்கலத்துக்கும் கடினப் பீங்கானுக்கும் முதற்சூட்டில் ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி போதும். துகள்கள் ஒட்டிக்கொள்ளும், நுண்துளைகள் மூடாது. நாக்கில் வைத்தால் ஒட்டும் அந்தத் தாகம்தான் பூச்சின் நீரைச் சில விநாடிகளில் உறிஞ்சி, அதன் பொடியைச் சீரான படலமாகப் பிடித்துவைக்கிறது. இறுகி முதிர்வது 1280 டிகிரியையோ அதற்கு மேலோ எட்டும் இரண்டாம் சூட்டில்தான். எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனாவில் வரிசை தலைகீழ்: முதற்சூட்டிலேயே 1200 டிகிரிக்கு மேல் ஏற்றி முதிரவைத்து, பிறகு அதைவிடக் குறைந்த சூட்டில் பூச்சை உருக்குவார்கள். துளைகள் மூடிப்போன கலம் நீரை உறிஞ்சாது என்பதால் அதில் பூச்சை நிறுத்துவது தனிச் சிரமம்.

எரிபொருளைப் பொறுத்தவரை, நீங்கள் நினைக்கும் அளவுக்குச் செலவு இரட்டிப்பாவதில்லை. பூச்சில்லாத கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. ஆகவே கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கலாம். எனது சிறிய சூளையில் ஒரு முறை பிஸ்க் செய்த கலங்களைக் கொண்டு இரண்டு கிளேஸ் சூளைகளை நிரப்பிவிடுகிறேன்.